லோடு வண்டிக்குப் பலகை மாற்றப் போகிறீர்களா? பெயிண்ட் அடிக்கும் முன்னால் பார்த்துவிடுங்கள்

மரத்தளம் போட்ட பழைய லோடு வண்டி வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) நெருங்கும் நேரத்தில் "அப்படியே அடிப்பலகையையும் மாத்திரலாம்" என்று பட்டறைக்குக் கிளம்புகிறவர்கள் இரண்டு தடவை படியுங்கள். வேங்கை மரத்துக்குக் காசு வாங்கிக்கொண்டு, மரத்தின் வெளி ஓரத்தில் வருகிற மெத்தென்ற வெள்ளைக்கட்டையைக் காயாமலே போட்டு, மேலே கறுப்பு பெயிண்ட் அடித்து என்னை அனுப்பிவிட்டார்கள். பட்டறையின் பெயரை இங்கே போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. தவிர, பெயர் தெரிவதைவிட எப்படி ஏமாற்றினார்கள் என்று தெரிவதுதான் உங்களுக்கு உபயோகம். இந்த வித்தையை எந்த ஊரிலும் செய்யலாம்.

வண்டி டாடா 407, 2008 மாடல். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி, பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாகப் பாலக்காடு போகும். நானேதான் ஓட்டுகிறேன். வெறும் சேஸிஸாக வாங்கித் திருச்செங்கோட்டில் பாடி கட்டியபோது அப்பா கூடவே நின்று, தளத்துக்கு வேங்கைதான் வேண்டும் என்று சொல்லிப் போடவைத்தார். பத்தடி நீளம், ஆறங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம், மொத்தம் 12 பலகை.

காய்கறி வண்டியில் பலகை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி கெடாது. மூட்டையிலிருந்து வடிகிற தண்ணீர் பின் கதவுப் பக்கம்தான் வந்து நிற்கும். பலகைக்கும் அதைத் தாங்குகிற இரும்புச் சட்டத்துக்கும் நடுவில் புகுந்த ஈரம் காயவே காயாது. போல்ட் ஓட்டை வழியாக இறங்குகிற தண்ணீரும் அங்கேதான் சேரும். பின் சக்கரத்துக்கு மேலே இருக்கிற பலகைக்கு அடியிலிருந்தும் சேறு அடிக்கும். என் வண்டியிலும் அப்படித்தான், நாலு பலகை மட்டும் ஓரத்தில் மக்கியிருந்தது. மீதி எட்டும் கல்லுப்போல இருந்தன.

பட்டறைக்காரர் வயதில் மூத்தவர். வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தம்பி, நாலு மட்டும் மாத்துனா மட்டம் வராது. புதுசு ஒரு உயரம், பழசு ஒரு உயரமா நிக்கும், மூட்டை இழுக்கறப்ப தட்டும். மொத்தமா மாத்திருங்க" என்றார். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் புதுப் பலகையைப் பழையதன் கனத்துக்கு இழைத்துப் போடுவது எந்த ஆசாரிக்கும் சாதாரண வேலை. எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. எடுக்க வேண்டும். அந்தத் தேதி நெருங்கிவிட்டது என்பது அவருக்கும் தெரியும். "இப்ப முடிவு பண்ணாத்தான் மரம் அறுக்கச் சொல்ல முடியும்" என்று அவசரப்படுத்தினார்.

கணக்கு இப்படிப் போட்டுக் கொடுத்தார். பத்தடிக்கு ஆறடித் தளம், ஒன்றரை அங்குலம், ஆக ஏழரை கன அடி. வேங்கை கன அடி 2,800 ரூபாய் வீதம் 21,000. கூலி 9,000, போல்ட்டும் இரும்பு வேலையும் 4,000, பெயிண்ட் 5,000. மொத்தம் 39,000. பில்லில் "வேங்கை 7.5 கன அடி" என்று எழுதி வாங்கினேன். இன்று கையில் இருக்கிற ஒரே ஆயுதம் அந்தக் காகிதம்தான்.

வண்டி கைக்கு வந்தபோது பளபளவென்று இருந்தது. தளம் முழுக்கக் கறுப்பு பெயிண்ட், ஓரமெல்லாம் ஆங்கிள், பலகைக்கும் பலகைக்கும் நடுவில் மயிரிழை போகாது. எஃப்.சி.யும் ஆனது.

முதலில் தெரிந்தது இடைவெளி. மரம் காயும்போது நீளத்தில் அவ்வளவாகச் சுருங்காது, அகலத்தில்தான் சுருங்கும். பச்சையாகப் போட்ட ஆறங்குலப் பலகை காய்ந்து முடியும்போது கால் அங்குலம் வரைக்கும் இழக்கலாம். பன்னிரண்டு பலகைக்கு நடுவிலும் பென்சில் நுழைகிற அளவுக்கு வாய் திறந்துகொண்டது. பாலக்காட்டு மழையில் பின் சக்கரம் அடித்த சேற்றுத் தண்ணீர் அந்தச் சந்து வழியாக மேலே வந்து அடி மூட்டைகளை நனைத்துவிட்டது. சின்ன வெங்காயம் நனைந்தால் வியாபாரி என்ன செய்வார் என்று மார்க்கெட் பக்கம் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நனைந்த மூட்டைக்குப் பாதி விலை, மீதி என் வாடகையில் கழிவு.

போனில் சொன்னேன். "மரம்னா காயத்தான் செய்யும் தம்பி. வாங்க, சந்துல பட்டி பாத்துத் தர்றேன்" என்றார். ஓடுகிற வண்டியின் தளத்தில் பட்டி எத்தனை நாள் நிற்கும்!

அப்புறம் ஒரு நாள் லோடு ஏற்றும்போது, மூட்டையோடு ஏறிய சுமைதூக்கும் அண்ணனின் கால் பலகையை உடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. முழங்காலில் சிராய்ப்போடு தப்பித்தார். அந்தப் பலகையைக் கழற்றிக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் எல்லாம் வெளியே வந்தது.

உடைந்த இடத்தில் ஒரு பெரிய கண். மரத்தில் கிளை இருந்த இடம், அங்கே கட்டை தனியாகக் கழன்று வந்துவிடும். அந்த ஓட்டையை மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். உள்ளே மரம் வெளிறிப்போன மஞ்சளாக இருந்தது. ஒரு ஓரத்தில் குண்டூசித் தலையளவு ஓட்டைகள், தட்டினால் நைசான தூள் கொட்டுகிறது. உளுக்க ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். உளுக்கிற வண்டுக்கு வெள்ளைக்கட்டையில் இருக்கிற மாவுச்சத்துதான் தீனி, மரத்தின் நடுவில் வைரம் பாய்ந்த பகுதியில் அதற்கு வேலையில்லை. பலகையின் அடிப்பக்கத்தில் பெயிண்ட் ஒரு சொட்டுக்கூட இல்லை. ஈரம் தங்குகிற பக்கமே அதுதான்.

கனத்தை அளந்தேன். ஓர் அங்குலம், அவ்வளவுதான். இழைப்பில் கொஞ்சம் போகும் என்பது சரி, அரை அங்குலமா போகும்? பின் கதவுப் பக்கம் பார்த்தால் ஒன்றரை அங்குலம் தெரிகிறதே என்று குனிந்து பார்த்தேன். கண்ணுக்குத் தெரிகிற அந்த முனையில் மட்டும், பலகைக்கு அடியில் அரை அங்குல ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) ஒன்றை ஆணி அடித்து ஒட்டி, சேர்த்துப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். திருட்டுத்தனத்துக்கு இவ்வளவு மெனக்கெட்டவர்கள் அந்த நேரத்தில் ஒழுங்காகவே வேலை பார்த்திருக்கலாம். ஓர் அங்குலம் என்றால் தளம் முழுக்க ஐந்து கன அடிதான். இல்லாத இரண்டரை கன அடிக்கு 7,000 ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

போல்ட்டும் அப்படித்தான். ஒவ்வொரு குறுக்குச் சட்டத்திலும் பலகைக்கு இரண்டு போல்ட் என்பது பேச்சு. முன்னும் பின்னும் மட்டும் போல்ட் இருந்தது, நடுவில் எல்லாம் தானாகத் துளைத்துக்கொண்டு இறங்குகிற ஸ்க்ரூ. குறுக்குச் சட்டம் ஒன்று துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. அதன்மேல் பட்டி பூசிக் கறுப்பு அடித்திருந்தார்கள். தளத்தைத் திறந்தால்தான் அந்தச் சட்டம் முழுசாகக் கண்ணில் படும். திறந்தபோது பார்த்துவிட்டும் மூடியிருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு மரத்தைவிடப் பெரிய கோபம். மூன்று டன் லோடு அதன்மேல்தான் உட்காருகிறது.

மரம் வேங்கைதானா என்று வீட்டிலேயே பார்த்தேன். வேங்கையின் வைரப் பகுதியைச் சீவித் தண்ணீரில் போட்டால் தண்ணீர் பழுப்பாக மாறும். சர்க்கரைக்காரர்களுக்கு என்று வேங்கைக் குவளை விற்கிறார்களே, அதில் ராத்திரி ஊற்றிய தண்ணீர் காலையில் நிறம் மாறி நிற்பது இதனால்தான் (சர்க்கரை குறைகிறதா என்பது வேறு கதை). பாடி கட்டியபோது மிஞ்சிய பழைய வேங்கைத் துண்டு ஒன்றை டயருக்கு அண்டை கொடுக்க வைத்திருக்கிறேன். அதிலிருந்து ஒரு சீவல், புதுப் பலகையிலிருந்து ஒரு சீவல், இரண்டு டம்ளர். காலையில் பழையது டீத்தண்ணி நிறத்தில் இருந்தது. புதியது குடிதண்ணீர் மாதிரி அப்படியே தெளிவாக இருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போட்டோ எடுத்தேன்.

போட்டோவோடு பட்டறைக்குப் போனேன். "அது வேங்கைதான் தம்பி, வேங்கையிலயே வெள்ளைப் பகுதி கொஞ்சம் வந்திருக்கும். அது சாயம் விடாது" என்றார். அதுவரைக்கும் உண்மைதான், வெள்ளைப் பகுதி சாயம் விடாது.

"சரிங்கண்ணே, அப்ப எனக்கு வெள்ளைக்கட்டை போட்டிருக்கீங்கன்னு நீங்களே சொல்றீங்க. வைரத்து விலையை ஏன் வாங்கினீங்க?"

பதில் இல்லை. டீ சொல்லட்டுமா என்று கேட்டார்.

பழைய பலகை எங்கே என்று அப்போதுதான் கேட்டேன். வேலை நடந்த சமயத்தில் கேட்டதற்கு "மக்குன கட்டை, அடுப்புக்குக் குடுத்தாச்சு" என்றிருந்தார். இப்போது பட்டறையில் வேலை பார்க்கும் பையன் ஒருவன் வாசலில் வைத்து மெதுவாகச் சொன்னான்: எட்டுப் பலகையும் கட்டில் செய்கிற ஒருவருக்குப் போய்விட்டதாம். பத்து வருடத்துக்கு மேல் வெயிலிலும் காற்றிலும் காய்ந்த வேங்கை இனி அவ்வளவாகச் சுருங்காது, வளையாது. மரவேலைக்காரர்கள் தேடி வாங்குகிற சரக்கு. மொத்தமாக மாற்றச் சொன்னதன் காரணம் மட்டம் வராதது இல்லை என்று அங்கேதான் புரிந்தது.

ஆகவே பட்டறையில் வண்டியை விடுகிறவர்கள் முதலில் பழைய பலகையைப் பேசுங்கள். கழற்றுகிற அன்று பக்கத்தில் இருங்கள், நல்லதைப் பிரித்து வீட்டுக்கு எடுத்துப் போய்விடுங்கள். மரம் என்ன ஜாதி, எத்தனை அங்குலக் கனம், இழைத்த பிறகு எவ்வளவு நிற்க வேண்டும் என்பதெல்லாம் பில்லிலேயே வர வேண்டும். பலகை வந்ததும், பெயிண்ட் டப்பா திறக்கும் முன்னால், இரண்டு பக்கமும் புரட்டிப் பாருங்கள். ஈரம் காட்டுகிற சின்ன மீட்டர் ஆன்லைனில் கிடைக்கிறது. நம் ஊர் வெயிலுக்கு நன்றாகக் காய்ந்த மரம் 12 முதல் 15 சதவீதத்துக்குள் காட்டும். முப்பதுக்கு மேல் போனால் அது நேற்று அறுத்த மரம். பலகையின் அடிப்பக்கத்துக்கும் வெட்டு முனைக்கும் பொருத்துவதற்கு முன்பே பெயிண்டோ எண்ணெயோ ஏறிவிட வேண்டும், பொருத்திய பிறகு அங்கே கை நுழையாது. தளம் திறந்திருக்கும்போது குறுக்குச் சட்டத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், துரு உதிர்ந்தால் மாற்றச் சொல்லுங்கள். மரத்தை எடுத்துவிட்டு இரும்புத் தகடு போடலாமா என்று யோசிப்பவர்கள், வண்டியின் வெற்று எடை மாறும் என்பதையும் அந்த எடை ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) இருப்பதையும் மறக்க வேண்டாம். ஆர்.டி.ஓ. ஆபீஸில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

புகார் விஷயம் ஒன்று. "லோடு வண்டி வியாபாரத்துக்கு ஓடுவது, நுகர்வோர் கோர்ட்டில் எடுக்க மாட்டார்கள்" என்று பட்டறைக்காரர் தைரியமாகச் சொன்னார், சுற்றி நின்றவர்களும் தலையாட்டினார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்தை விலக்குவது உண்மைதான். ஆனால் சொந்தப் பிழைப்புக்காக, தானே தொழில் செய்து ஓட்டுகிறவரை அதே சட்டம் நுகர்வோர் என்றே சொல்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரைக்கும் இருந்தால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் கேட்டால் வழி சொல்கிறார்கள்.

நோட்டீஸ் போன பிறகு பட்டறைக்காரர் தெரிந்தவர் மூலமாக 10,000 தருகிறேன், முடித்துக்கொள்ளலாம் என்று சொல்லியனுப்பியிருக்கிறார். பில்லில் இருக்கிற மரம், மாற்றாத சட்டம், நனைந்த மூட்டைக்குக் கழித்த பணம் இதற்கெல்லாம் கணக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். உடைந்த பலகையையும் ரீப்பர் ஒட்டிய முனையையும் வீட்டில் கட்டி வைத்திருக்கிறேன். அம்மா அடுப்புக்குக் கேட்டார், கொடுக்கவில்லை.