குலைக் கணக்கை ஓட்டிப் பார்க்க எது நல்லது: கெர்கினா, அலாயா, டிஎல்ஏ பிளஸ்ஸா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டம். மண்டோர் (வேலைக் கண்காணிப்பாளர்) குலைகளை எண்ணிக் கைப்பேசியில் பதிகிறார். உள்ளே லைன் கிடைக்காது. லைன் வந்ததும் பதிவு ஆபீசுக்குப் போகும். பதில் வராவிட்டால் செயலி மறுபடி அனுப்பும். ஒரே பதிவு இரண்டு முறை ஏறினாலும், ஏறாமலே போனாலும் குலை வெட்டியவரின் சம்பளம் தப்பாகும். இப்படிப்பட்ட செயலியின் விதிகளை முதலில் எழுதி ஓட்டிப் பார்ப்பது கட்டாயம் என்பேன். அப்படி விதிகளை எழுத உதவும் மூன்று மொழிகள்தான் கெர்கின், அலாய், டிஎல்ஏ பிளஸ்.

கெர்கினில் 'கொடுக்கப்பட்ட', 'எப்போது', 'அப்பொழுது' என்று தமிழிலேயே எழுதலாம். கிராணி (ஆபீஸ் எழுத்தர்) வாசித்துவிட்டு, "இல்ல தம்பி, பழுக்காத குலைக்குக் கணக்கு வேற" என்று திருத்த முடியும். மற்ற இரண்டிலும் இது நடக்காது. குக்கும்பர் என்ற கருவி அதை நிஜச் செயலியின் மேலேயே ஓட்டும். ஆனால் நமக்குத் தோன்றிய உதாரணங்கள் மட்டும்தான் சோதிக்கப்படும்.

டேனியல் ஜாக்சனின் அலாய், எந்த வேலைக் கூட்டத்துக்குத் தோட்டத்தின் எந்த பிளாக் என்பது போன்ற உறவுகளுக்கு அருமை. 2021-இல் வந்த அலாய் 6-இல் கால வரிசையையும் சொல்லலாம். இங்கே அந்த உறவுகள் எளியவை, அதனால் விட்டுவிடலாம்.

லெஸ்லி லாம்போர்ட்டின் டிஎல்ஏ பிளஸ்தான் இந்தச் சிக்கலுக்கு நேரானது. "எந்தப் பதிவும் ஒரு முறைக்கு மேல் எண்ணப்படாது" என்ற விதியை, எப்படி என்று சொல்லாமலே எழுதலாம். அனுப்பும் படிகளைத் தனியாக எழுத வேண்டும். அதன் சோதனைக் கருவியான டிஎல்சி, இரண்டு கைப்பேசி, மூன்று பதிவு என்ற சிறு எல்லைக்குள் வரக்கூடிய எல்லா நிலைகளையும் தேடும். அமேசான் பொறியாளர்கள் 2015-இல் எழுதிய கட்டுரையில், அமேசானின் தரவுத்தளமான டைனமோடிபியில் இப்படிச் சிக்கிய ஒரு பிழை வெளிப்பட 35 படிகள் தேவைப்பட்டதாகச் சொல்கிறார்கள். மறுபார்வையும் சோதனையும் அதைத் தவறவிட்டிருந்தன. அத்தனை படிகளை எந்த மனிதரும் உட்கார்ந்து யோசிக்க மாட்டார்.

"பதிவு என்றாவது ஆபீசை அடையும்" என்பதை நிறுவ, லைன் என்றாவது வரும் என்ற அனுமானத்தையும் எழுத வேண்டும். அது பலரை ஒளிந்திருந்த கேள்விக்கு இழுத்துவரும்: கைப்பேசியே உடைந்துபோனால்?

ஓட்டிப் பார்க்கக்கூடிய விதி வரையறை, 'என்ன' என்பதை விட்டு 'எப்படி'யில் விழும் என்று ஆய்வாளர்கள் ஹேய்ஸும் ஜோன்ஸும் 1989-இல் எச்சரித்தார்கள். கெர்கினுக்கு அந்தக் கவலை பொருந்தும். டிஎல்ஏ பிளஸ்ஸில் எல்லையைச் சுருக்குவதோடு தப்பிக்கலாம். ஆனால் டிஎல்சி சோதிப்பது வடிவமைப்பை மட்டுமே, நிரலை அல்ல.

அதனால் அனுப்பும் முறையை டிஎல்ஏ பிளஸ்ஸிலும் சம்பள விதிகளைக் கெர்கினிலும் எழுதுங்கள். அப்புறம் டிஎல்சி காட்டும் பிழைத் தடத்தை (பிழைக்குக் கொண்டுபோகும் படிகளை) கெர்கின் காட்சியாக மாற்றி, நிஜச் செயலியின் மேல் ஓட்டுங்கள்.