லாரி கம்பெனியில் டிரைவர் சங்கம்: சந்தாவுக்கு என்ன கிடைக்கிறது?

ஓசூர் சிப்காட்டிலிருந்து கிருஷ்ணகிரி, தருமபுரி வரை எந்த லாரி செட்டில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு வரும்: சங்கத்தில் சேரலாமா, வேண்டாமா? சந்தா கட்டுகிறோம் என்றால் அதுவும் காசு கொடுத்து வாங்கும் சேவைதான். டயரைப் பார்த்து வாங்குவதுபோல இதையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

முதலில் பலகையைப் படியுங்கள்: அது டிரைவர் சங்கமா, உரிமையாளர் சங்கமா? செய்திகளில் வரும் 'லாரி ஸ்டிரைக்' பெரும்பாலும் உரிமையாளர்கள் அறிவிப்பது. 2018 ஜூலை வேலைநிறுத்தத்தில் டீசல் விலை, டோல், மூன்றாம் நபர் காப்பீட்டு பிரீமியம் ஆகியவைதான் முன்னால் நின்றன. 2024 ஜனவரியில், விபத்து நடத்திவிட்டு ஓடினால் 10 ஆண்டு வரை சிறை என்ற பிரிவை எதிர்த்து வண்டியை நிறுத்தியவர்கள் டிரைவர்கள். டெல்லியில் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்ததோ அகில இந்திய மோட்டார் போக்குவரத்து காங்கிரஸ், அதாவது உரிமையாளர் அமைப்பு. அந்தப் பிரிவு நிறுத்திவைக்கப்பட்டது நல்லதுதான். ஆனால் டிரைவரின் பேட்டாவையும் (டிரிப்புக்குத் தரும் படி) லீவையும் அந்த மேசையில் யாரும் பேச மாட்டார்கள்.

அடுத்து, சம்பளம் யார் கையால் வருகிறது என்று பாருங்கள். கம்பெனியின் சொந்த வண்டி ஓட்டுபவருக்குக் கம்பெனி சங்கம் பொருந்தும். ஏழு பேர் சேர்ந்தால் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் மொத்தத் தொழிலாளர்களில் 10 சதவீதம் அல்லது 100 பேர், இதில் எது குறைவோ அத்தனை பேர் உறுப்பினராக இருக்க வேண்டும். 1926 தொழிற்சங்கச் சட்டத்தில் இருந்த இந்தக் கணக்கு, 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்திலும் தொடர்கிறது. ஒரே கம்பெனியில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கம் இருந்தால், மஸ்டர் ரோலில் (தொழிலாளர் பதிவேட்டில்) உள்ளவர்களில் 51 சதவீதம் பேரை வைத்திருக்கும் சங்கமே தனியாகப் பேசும் உரிமை பெறும். கட்சிக்கு ஒன்றாகப் பிரிந்து நிற்கும் செட்டுகளில் காரியம் நடக்காமல் இழுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அட்டாச்டு வண்டி, அதாவது வெளியார் ஒருவர் கம்பெனி லோடுக்கு விட்டிருக்கும் வண்டி ஓட்டும் டிரைவர் நிலைமை வேறு. அவருக்கு முதலாளி லோடு கொடுக்கும் கம்பெனி இல்லை. இரண்டு மூன்று வண்டி வைத்திருக்கும் உரிமையாளர். பி.எஃப்.புக்கு 20 பேர், இ.எஸ்.ஐ.க்கு 10 பேர் என்ற வரம்பில் அவர் வரவே மாட்டார். கம்பெனி சங்கத்துக்குச் சந்தா கட்டி அந்த டிரைவருக்குப் பெரிய பயன் இல்லை.

நல்ல சங்கத்தின் உண்மையான சரக்கு அது போடும் ஒப்பந்தம். கொடியேற்றத்தை வைத்து எடை போடாதீர்கள். ஒப்பந்த நகலைக் கேளுங்கள். தொழிலாளர் அலுவலர் முன்னிலையில் சமரசத்தில் கையெழுத்தானதா (பழைய ஆட்கள் முந்தைய தொழில் தகராறு சட்டப் பிரிவை வைத்து '12(3)' என்பார்கள்), இல்லை இரு தரப்பும் தனியாக உட்கார்ந்து போட்டுக்கொண்டதா ('18(1)')? முன்னது அந்த நிறுவனத்தின் எல்லாத் தொழிலாளரையும் கட்டுப்படுத்தும். பின்னது கையெழுத்துப் போட்ட தரப்புகளை மட்டும்.

ஒப்பந்தத்தில் முதலில் பார்க்க வேண்டியது சம்பளத்துக்கும் பேட்டாவுக்கும் உள்ள விகிதம். கைக்கு நல்ல தொகை வரும்; சம்பளச் சீட்டில் மட்டும் சின்னத் தொகை இருக்கும். இதனால் என்ன நஷ்டம்? இ.எஸ்.ஐ. வராத இடத்தில் 40 வயது டிரைவர் வேலையில் இருக்கும்போது விபத்தில் இறந்தால், மாதச் சம்பளத்தில் பாதியை, அந்த வயதுக்குச் சட்ட அட்டவணையில் உள்ள 184.17 ஆல் பெருக்கி ஈட்டுத்தொகை கணக்கிடுவார்கள். 2020 ஜனவரி முதல் இதற்கான சம்பள உச்சவரம்பு ரூ.15,000. அந்தச் சம்பளம் சீட்டில் இருந்தால் குடும்பத்துக்கு ரூ.13,81,275. சீட்டில் 10,000 என்றால் ரூ.9,20,850. நாலரை லட்சத்துக்கு மேல் வித்தியாசம். படி, பயணச் செலவு போன்ற இனங்கள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய தொகையையும் ஊதியமாகவே கணக்கில் எடுக்க வேண்டும் என்கிறது புதிய ஊதியத் தொகுப்புச் சட்டம். இதை வைத்து நிர்வாகத்திடம் பேசத் தெரியாத பொறுப்பாளர் வேண்டாம்.

அடுத்தது மைலேஜ். இதில்தான் உயிரே இருக்கிறது. கம்பெனி லிட்டருக்கு 4 கிலோமீட்டர் என்று நிர்ணயித்தால் 600 கிலோமீட்டருக்கு 150 லிட்டர். வண்டி 3.75 கொடுத்தால் 160 லிட்டர் போகும். லிட்டர் 92 ரூபாய் என்று வைத்தாலும் அந்த ஒரு டிரிப்பில் 920 ரூபாய் பிடித்தம். அதை மிச்சம் பிடிக்கத்தான் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறார்கள். கியர் இல்லையென்றால் எஞ்சின் பிரேக் போய்விடும். முழு லோடையும் கால் பிரேக் மட்டும் தாங்கும். டிரம் சூடேறி பிரேக் லைனர் பிடிக்காது. இரட்டைப் பாலம் பக்கம் நடக்கும் விபத்துகளைப் பற்றி இந்த ரூட்டில் ஓட்டுபவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆகவே லோடு வண்டிக்கு ஒரு மைலேஜ், காலி வண்டிக்கு ஒன்று, காட் ரோட்டுக்கு (மலைப்பாதைக்கு) தனித் தள்ளுபடி, இன்ஜெக்டர் வேலை பாக்கி உள்ள வண்டிக்குப் பிடித்தம் கிடையாது என்று எழுதி வாங்கிய சங்கத்துக்கு எவ்வளவு சந்தா கொடுத்தாலும் தகும். விளக்கம் கேட்காமல் நஷ்டத்தைச் சம்பளத்தில் பிடிக்கச் சட்டத்திலும் இடமில்லை.

ஹால்டிங்கும் (காத்திருப்புக்கான பணம்) எழுத்தில் வர வேண்டும். சிப்காட் கேட்டில் அன்லோடுக்குக் காத்திருக்கும் நேரத்தை டிரிப் ஷீட்டில் உள்ளே, வெளியே என்று செக்யூரிட்டி கையெழுத்தோடு குறிக்காவிட்டால், எந்தச் சங்கம் கேட்டாலும் பணம் வராது.

குறைகளும் நிறைய. ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு கூட்டுவார்கள்; டிரைவர்களில் பாதிப்பேர் ரோட்டில் இருப்பார்கள். கடைசியில் ஆபீஸில் இருப்பவர்களே கை தூக்கி நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பார்கள். ஆயுத பூஜைக்கு வண்டிகள் செட்டுக்குத் திரும்பும் சமயத்தில் தேர்தல் வைக்கும் சங்கமே டிரைவர்களை மதிக்கிறது. "சங்கம் வைத்தால் வண்டியை விற்றுவிட்டு அட்டாச்டுக்குப் போய்விடுவார்கள்" என்ற பயம் வெறும் புரளி இல்லை, நடக்கக்கூடியதுதான். அதனால் தொடக்கத்திலேயே முழுப் பட்டியலையும் வைக்காமல், சீட்டுச் சம்பளம், மைலேஜ் இரண்டை மட்டும் பிடித்துப் பேசுவது நல்லது.

சந்தா கொடுக்கும் முன் ரசீதில் பதிவு எண் இருக்கிறதா, வருடாந்திரக் கணக்கைக் காட்டுவார்களா என்று கேளுங்கள். விபத்து ஈட்டுத்தொகையில் சதவீதம் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

அட்டாச்டு டிரைவர்கள் செய்ய வேண்டியது தமிழக அரசின் ஓட்டுநர் நல வாரியப் பதிவு. இதற்குக் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே போடலாம். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக், லைசென்ஸ் வேண்டும். கல்வி, திருமணம், இயற்கை மரணம், விபத்து மரணம், ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு உதவி உண்டு. இந்த வேலையைச் சுத்தமாகச் செய்து தரும் மாவட்டச் சங்கம் என்றால் சின்னச் சந்தா கொடுக்கலாம். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் உதவி கேட்கும்போது மனு திரும்பி வரும். நியமனதாரர் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்கிறதா என்று அப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.