சிகரெட்டே தொடாதவருக்கு எம்ஃபிசீமா: நான் போன நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி எப்படி இருந்தது

எம்ஃபிசீமா என்ற நுரையீரல் நோய் இருக்கிறது என்று ரிப்போர்ட் கையில் வந்து, அடுத்து என்ன செய்வது என்று புரியாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதிலும் வாழ்நாளில் ஒரு சிகரெட்கூடப் பிடிக்காமல், தினமும் நடந்து ஓடி, உடம்பை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டும் இந்த நோய் வந்தவர்களுக்காக. நானும் அந்த வகைதான். டாக்டர் எழுதிக் கொடுத்த இன்ஹேலர் உதவுகிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பயம் தெளிந்து மறுபடி தைரியமாகப் படியேற ஆரம்பித்தது, பல்மனரி ரீஹாப் என்கிற நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்குப் போன பிறகுதான். யார் கேட்டாலும் போங்கள் என்றுதான் சொல்வேன். அதில் எனக்குப் பிடிக்காத விஷயங்களும் உண்டு, அதையும் மறைக்கப் போவதில்லை.

வேறு எதற்கோ எடுத்த சிடி ஸ்கேனில்தான் எனக்கு இது தெரியவந்தது. மேடு ஏறினால் கொஞ்சம் இரைக்கும், அதைத் தவிர ஒரு தொந்தரவும் கிடையாது. அப்புறம் ஸ்பைரோமெட்ரி எடுத்தார்கள். குழாயை வாயில் வைத்து, முழு மூச்சையும் இழுத்து, பலம் கொண்ட மட்டும் ஊத வேண்டும். பக்கத்தில் நிற்பவர் "ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும் கொஞ்சம்" என்று கத்திக்கொண்டே இருப்பார். ஊதிய மொத்தக் காற்றில் முதல் ஒரு நொடியில் எவ்வளவு வெளியே வந்தது என்பதுதான் கணக்கு. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் அந்த விகிதம் 0.70க்குக் கீழே இருந்தால் சிஓபிடி, அதாவது மூச்சுக்காற்று வெளியேறத் தடையாகும் நாள்பட்ட நுரையீரல் நோய், என்ற முடிவுக்கு வருகிறார்கள். எம்ஃபிசீமா அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது.

இந்த நோய் உள்ளே என்ன செய்கிறது என்று எனக்குப் புரிகிற மாதிரி சொன்னது ரீஹாப் வகுப்பில்தான். நுரையீரலின் கடைக்கோடியில் குட்டிக் குட்டிக் காற்றுப்பைகள் இருக்கின்றன, சராசரியாக 48 கோடி. அவற்றுக்கு இடையே உள்ள மெல்லிய சுவர்கள் சிதைந்து, பல சிறிய பைகள் சேர்ந்து சில பெரிய பைகளாகிவிடுகின்றன. ஆக்சிஜன் ரத்தத்தில் கலப்பதற்கான பரப்பு குறைகிறது. அதோடு நுரையீரல் பழைய எலாஸ்டிக் மாதிரி தொய்ந்துபோவதால், உள்ளே போன காற்று முழுசாக வெளியே வராமல் தங்கிவிடுகிறது, அடுத்த மூச்சுக்கு இடமே இருப்பதில்லை. மூச்சை இழுக்க முடியவில்லை என்று நாம் தவிக்கிறோமே, உண்மையில் சிக்கல் மூச்சை விடுவதில் இருக்கிறது. சிதைந்த சுவர் திரும்ப வளராது என்பதையும் சுற்றி வளைக்காமல் சொன்னார்கள். அதைக் கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் எது மாறும் எது மாறாது என்று தெரிந்தபின் தூக்கம் வந்தது.

எம்ஃபிசீமா என்று சொன்னவுடன் எல்லோரும் கேட்கும் ஒரே கேள்வி, "எத்தனை வருஷமா பிடிக்கிறீங்க?" உறவினர், கூட வேலை பார்ப்பவர், ஸ்கேன் எடுப்பவர், எல்லோரும்தான். இல்லை என்றால் நம்பாத மாதிரி ஒரு பார்வை. இது எவ்வளவு வலிக்கும் என்று கேட்பவர்களுக்குத் தெரிவதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, பணக்கார நாடுகளில் சிஓபிடி நோயாளிகளில் 70 சதவீதத்துக்கு மேல் புகையிலையால் வருகிறது. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் அது 30 முதல் 40 சதவீதம்தான். மற்றவர்களுக்கெல்லாம் என்ன காரணம்? வீட்டுக்குள் எரியும் விறகு, சாணம், கரி ஆகியவற்றின் புகை, வேலை செய்யும் இடத்துத் தூசியும் ரசாயன ஆவியும், அடுத்தவர் பிடிக்கும் புகை, குழந்தையிலேயே நுரையீரல் சரியாக வளராமல் போனது என்று நீள்கிறது பட்டியல்.

இன்னொன்று பரம்பரை. ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதத்தைக் கல்லீரல் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. கிருமியோடு சண்டை போடும் நம் வெள்ளை அணுக்கள் வெளியிடும் நொதி நுரையீரல் சுவரையே அரித்துவிடாமல் காப்பது இந்தப் புரதத்தின் வேலை. அது பிறவியிலேயே குறைவாக இருந்தால், ஒருபோதும் புகைக்காதவருக்கும் எம்ஃபிசீமா வரலாம். 1963ல் ஸ்வீடனில் லாரெல், எரிக்சன் என்ற இருவர்தான் இந்தக் குறைபாட்டை முதலில் வெளியிட்டார்கள். சிஓபிடி என்று உறுதியான ஒவ்வொருவருக்கும் ஒரு முறையாவது இந்த ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது சர்வதேசப் பரிந்துரை, இருந்தும் பலருக்குச் செய்வதே இல்லை. நீங்கள் புகைக்காதவர் என்றால் கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள். குறைபாடு இருந்தால் உடன்பிறந்தவர்களும் பார்த்துக்கொள்ள வேண்டும், சிலருக்கு அந்தப் புரதத்தையே ஊசி வழியாக ஏற்றும் சிகிச்சையும் இருக்கிறது. எனக்கு அளவு சரியாக இருந்தது. அதாவது காரணம் தெரியவில்லை. காரணம் தெரியாத நோயோடு வாழப் பழகுவது தனியாக ஒரு வேலை, அதற்கு இன்னும் நேரம் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.

சரி, பயிற்சிக்கு வருகிறேன். வழக்கமாக 6 முதல் 8 வாரம், வாரத்துக்கு இரண்டு வகுப்பு, பிசியோதெரபிஸ்ட் கூடவே இருப்பார். முதல் நாள் ஆறு நிமிட நடைப் பரிசோதனை. 30 மீட்டர் நீள நடைபாதை, இரண்டு முனையிலும் கூம்பு, விரலில் ரத்த ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்ஸிமீட்டர். ஆறு நிமிடத்தில் நம் வேகத்தில் எவ்வளவு தூரம் போக முடிகிறது என்று அளக்கிறார்கள், நின்று ஓய்வெடுத்தாலும் தப்பில்லை. முடிந்ததும் 0 முதல் 10 வரை எண் போட்ட ஒரு அட்டையை நீட்டி, மூச்சுத் திணறல் எதில் இருக்கிறது என்று கேட்பார்கள். அந்த அட்டைதான் பிறகு பயிற்சி முழுக்க வழிகாட்டி. 3, 4 வரை வரலாம், வரவும் வேண்டும்; இரைத்தால் ஆபத்து என்று எனக்குள் இருந்த பயத்தை உடைத்தது அந்த அட்டைதான். பயிற்சி முடியும்போது அதே பரிசோதனையை மறுபடி வைப்பார்கள். 30 மீட்டர் கூடினாலே நோயாளிக்கு உண்மையான முன்னேற்றம் என்று எடுத்துக்கொள்கிறார்கள், எனக்கு அதைவிடத் தாராளமாகவே கூடியது. ஸ்பைரோமெட்ரி எண் மட்டும் அப்படியே இருந்தது.

எண் மாறாமல் எப்படி நடை மட்டும் கூடும்? பதில் காலில் இருக்கிறது. இரைக்கிறதே என்று நாம் நடமாட்டத்தைக் குறைக்கிறோம், கால் தசை கரைகிறது, பலமிழந்த தசைக்கு அதே வேலைக்குக் கூடுதல் காற்று தேவைப்படுகிறது, அதனால் இன்னும் இரைக்கிறது, இன்னும் உட்கார்ந்துவிடுகிறோம். டிரெட்மில், சைக்கிள், காலுக்கும் கைக்கும் எடைப் பயிற்சி எல்லாம் இந்தச் சுழலை உடைக்கத்தான். மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பின் 2015 தொகுப்பு 65 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, மூச்சுத் திணறலும் சோர்வும் குறைகிறது, மனநிலை தேறுகிறது, நோய் நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்ற உணர்வு கூடுகிறது என்று சொல்லியிருக்கிறது. என் அனுபவமும் அதேதான், கடைசியாகச் சொன்னது ரொம்பவே உண்மை.

உடற்பயிற்சி செய்து பழகியவர்களுக்கு இங்கே ஒரு வித்தியாசமான சிரமம் உண்டு. நமக்கு இருக்கிற இதயமும் தசையும் நோயை ரொம்ப நாள் மறைத்து வைத்திருக்கும், பழைய வேகத்துக்கே மனசும் தாவும். பிசியோதெரபிஸ்ட் என் டிரெட்மில்லைக் குறைத்துக்கொண்டே இருந்தார். "சார், வேகம் வேண்டாம், மூச்சை முழுசா வெளியே விட்டீங்களா, அதை மட்டும் பாருங்க" என்பார்.

அந்த மூச்சுதான் முழுப் பயிற்சியிலும் எனக்கு அதிகம் பயன்பட்டது. மூக்கால் மெதுவாக இழுத்து, விசில் அடிப்பது போல உதட்டைக் குவித்து, இழுத்த நேரத்தைப்போல இரண்டு மடங்கு நேரத்துக்கு ஊதி விட வேண்டும். உதடு குவிவதால் உள்ளே லேசான அழுத்தம் நின்று, மூச்சுக்குழாய்கள் பாதியில் மூடிக்கொள்ளாமல் திறந்திருக்கின்றன, தங்கிய காற்று வெளியேறுகிறது. படியில் நின்றபடி மூச்சை இழு, ஊதிக்கொண்டே ஏறு. குனிந்து ஷூ லேஸ் கட்டுவதற்கு முன் ஊத ஆரம்பி, ஊதும்போதே குனி. கொடியில் துணி காயப்போடும்போது ஏன் அவ்வளவு இரைக்கிறது என்று எனக்குப் பெரிய சந்தேகம். கையை மேலே தூக்கினால், மூச்சுக்கு உதவிக்கொண்டிருக்கும் கழுத்து, தோள் தசைகள் கைக்கு வேலை செய்யப் போய்விடுகின்றனவாம். இப்போது வாளியை உயரத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு துணிக்கும் ஒரு மூச்சு விட்டுப் போடுகிறேன். ரொம்ப இரைத்தால் மேசை மேல் முன்கைகளை ஊன்றி முன்னால் சாய்ந்து நிற்பது, அதுவும் அங்கே கற்றதுதான்.

இன்ஹேலருக்கென்று ஒரு வகுப்பு, அதற்காகவே போகலாம். ஒவ்வொருவரையும் அவரவர் இன்ஹேலரை எடுத்துச் செய்துகாட்டச் சொல்கிறார்கள். அழுத்தினால் பீய்ச்சும் வகை என்றால் மெதுவாக ஆழமாக இழுக்க வேண்டும், பொடி வகை என்றால் வேகமாகவும் பலமாகவும். இரண்டிலும் பிறகு 10 நொடி மூச்சை அடக்க வேண்டும். பீய்ச்சும் வகைக்கு ஸ்பேசர் என்ற குழாயை இன்ஹேலருக்கும் வாய்க்கும் நடுவே வைத்தால் மருந்து தொண்டையில் படிவது குறைந்து நுரையீரலுக்குப் போகும். ஸ்டீராய்டு இருந்தால் முடிந்ததும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும், இல்லாவிட்டால் வாயில் பூஞ்சை வரலாம்.

ஆக்ஸிமீட்டரைப் பற்றியும் நல்ல தெளிவு கிடைத்தது. விரல் சில்லிட்டிருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் எண் பிசகும், கருத்த தோலில் உண்மையைவிடக் கூட்டிக் காட்டவும் வாய்ப்பு உண்டு. 96 காட்டும்போதே மூச்சுத் திணறலாம், ஏனென்றால் திணறல் பெரும்பாலும் தங்கிய காற்றால் வருவது. நாள் முழுக்க விரலில் மாட்டி எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் தயவுசெய்து இதைக் கேளுங்கள்: எந்த எண்ணுக்குக் கீழே போனால் கூப்பிட வேண்டும் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, மற்ற நேரத்தில் அதைப் பையில் போட்டுவிடுங்கள்.

இப்போது குறை. நான் போன இடத்தில் எல்லாமே புகைபிடித்தவரை மனதில் வைத்துச் செய்யப்பட்டிருக்கிறது. சேரும் படிவத்தில் "எப்போது நிறுத்தினீர்கள்" என்று கேட்கிறது, பிடித்ததே இல்லை என்று எழுத ஒரு கட்டம்கூட இல்லை. முதல் பாட வகுப்பு முழுக்க சிகரெட்டை விடுவது எப்படி என்பதுதான். அது தேவை, மறுக்கவில்லை. ஆனால் காரணமே தெரியாமல் உடைந்துபோய் வந்திருக்கும் ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, வீட்டுப் புகை, தூசி, பரம்பரை பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் விடுவது நியாயமில்லை. மனநலத்துக்கு ஒரே ஒரு வகுப்பு, அதுவும் அவசரமாக முடிந்தது. வகுப்பு நேரம் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒத்துவராது. பயிற்சி முடிந்தபின் தொடர்ச்சி எதுவும் இல்லை என்பது எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, ஏனென்றால் விட்டுவிட்டால் ஓராண்டுக்குள் பலன் கரைந்துவிடும் என்பது அவர்களே சொல்லித் தந்தது.

கூட வந்தவர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பக்கத்து சைக்கிளில் மிதித்த பெரியவர், பல வருஷம் பிடித்தவர், ஒரு நாள் என்னிடம் சொன்னார்: "தம்பி, எனக்கு ஏன் வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கு அதுகூடத் தெரியலையே, அதுதான் எனக்குக் கஷ்டமா இருக்கு." அவர் மேல் எனக்கு உள்ளூர இருந்த கோபம், நீங்கள் செய்த தப்புக்கு எனக்கு ஏன் கெட்ட பெயர் என்ற கோபம், அதோடு போய்விட்டது. தெரிந்து வந்தாலும் தெரியாமல் வந்தாலும் படியேறும்போது திணறுவது ஒரே திணறல்தான். யாரையும் பார்த்து இது நீங்களே வரவழைத்தது என்று சொல்ல எனக்கு இனி வாய் வராது.

போகிறவர்களுக்குச் சில விஷயம். டாக்டர் தானாக எழுதித் தருவார் என்று காத்திருக்காமல், நோய் உறுதியானதுமே பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்; முற்றிய பிறகுதான் போக வேண்டும் என்பதில்லை. சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், அடங்காத நெஞ்சுவலி உள்ளவர்கள் இதய மருத்துவரிடம் கேட்காமல் சேரக் கூடாது. ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றி அங்கேயே கேட்டுவிடுங்கள், சளிக் காய்ச்சல் ஒன்று வந்தாலே நமக்கு வாரக்கணக்கில் பின்வாங்கும். விமானப் பயணம் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், ஏனென்றால் விமானத்துக்குள் காற்றழுத்தம் கிட்டத்தட்ட 2400 மீட்டர் மலை மேல் இருப்பது போல இறங்கக்கூடும். தளர்வான உடை, நல்ல பிடிப்புள்ள ஷூ, சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியல், ஸ்பைரோமெட்ரி ரிப்போர்ட், தண்ணீர் பாட்டில் எடுத்துப் போங்கள். அவசரத்துக்கு எடுக்கும் இன்ஹேலர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், சிலரைப் பயிற்சிக்குக் கொஞ்சம் முன்னாடியே எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள்.