மூடியை இறுக்காதேங்கோ

நானும் மகளும் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வந்து இறங்கிய நாள் பங்குனிப் பௌர்ணமி. கலண்டர் பார்க்காமல் ரிக்கெற் போட்டது என் பிழைதான். போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை அன்று, நாடு முழுக்க மதுக்கடை பூட்டு. பதினொரு மணி நேரம் பறந்து, வேர்த்து விறுவிறுத்து வந்து ஒரு பியர் கேட்டால், ஹோட்டல் வரவேற்பில் நின்ற பெடியன் சிரித்துக்கொண்டே "நாளைக்கு சேர்" என்றான். ஆளுக்கொரு இளநீர் குடித்துவிட்டுப் படுத்தோம்.

நான் இங்கிலாந்தின் லீட்ஸில் இருப்பது இருபத்தாறு வருடமாக. லாகர் பியர் குடித்துக்கொண்டிருந்த என்னை ஏல் என்ற வேறு வகைப் பியருக்கு மாற்றியது வேலைத்தலத்துச் சிநேகிதர்கள். பீப்பாவுக்குள் இருக்கும்போதும் புளித்துக்கொண்டே இருக்கும் ஏல். கைப்பம்பால் இழுத்து, 12 பாகை அளவில், அதிகம் குளிராமல் தருவார்கள். பெரிய கம்பனிகள் அதை ஒழித்துக்கட்டிவிடும் என்று பயந்து 1971இல் கம்ரா என்று ஓர் இயக்கமே தொடங்கினார்கள். பியருக்கு இயக்கமா என்று ஊரில் கேட்டால் சிரிப்பார்கள். எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. இப்போது நானும் அங்கத்தவன், மகளும் அங்கத்தவர். அவளுக்கு என்னைவிட நல்ல நாக்கு. இந்தமுறை ஊரில் காய்ச்சுவதையும் இறக்குவதையும் மட்டும் சுவைப்பது என்று இருவரும் முடிவெடுத்திருந்தோம்.

கொழும்பிலேயே அந்த முடிவை மீறினோம். கரும்பலகையில் 'கிராஃப்ட்' (சிறு ஆலைப் பியர்) என்று எழுதியிருந்த ஒரு பாரில் நாலு குழாய். இரண்டு "இன்றைக்கு இல்லை". முதலில் ஒரு வாய் ருசி பார்க்கத் தர முடியுமா என்று கேட்டேன். லீட்ஸில் கேட்காமலே தருவார்கள். பரிமாறிய தம்பி குழம்பிப்போய் மனேஜரைக் கூட்டி வந்தார். மனேஜர் ஒரு முழுக் கிளாஸ் நிரப்பிக் கொடுத்து, அதையும் பில்லில் போட்டார். வெளிநாட்டு பேல் ஏலாம். ஹொப்ஸ் பூவின் மணம் செத்து, நனைந்த காட்போட் மட்டைபோல ஒரு வாசம்தான் மிச்சம். எத்தனை மாதம் எந்தக் களஞ்சியத்தில் வெந்ததோ. அதற்கு மேல் 10% சேவைக் கட்டணம், 18% வாட் வரி. சரி, போகட்டும்.

நுவரெலியா வேறு கதை. 1,868 மீற்றர் உயரம், பின்னேரம் ஸ்வெற்றர் தேவைப்படும் குளிர். இலங்கையில் பியர் காய்ச்சத் தொடங்கியது இங்கேதான். 1849இல் சாமுவேல் பேக்கர் சிறிய அளவில் தொடங்கினார். பின்னாளில் ஆபிரிக்காவில் அல்பேர்ட் ஏரியைக் கண்டு சொன்ன அதே பேக்கர்தான். லயன் பியர்ப் போத்தல்களில் தொடக்கம் என்று போட்டிருக்கும் ஆண்டு 1881. இப்போது லயன் காய்ச்சுவதெல்லாம் கீழே, கொழும்புக்குப் பக்கத்துப் பியகமவில். 2016 மே வெள்ளத்தில் அந்தத் தொழிற்சாலை மூழ்கியபோது மாதக்கணக்கில் பியர் தட்டுப்பாடு. எங்கள் வான் சாரதி அதை ஏதோ யுத்தகாலக் கதைபோலச் சொன்னார்.

தங்கியது ஒரு பழைய வெள்ளைக்காரர் காலத்து ஹோட்டல். லயன் ஸ்டவுட் என்ற கறுத்த பியரைக் கேட்டோம். மேசைக்கு வரும்போதே போத்தல் வெள்ளையாகப் பனி படர்ந்திருந்தது. "ஐஸ் போடவா சார்?" என்று வேறு கேட்டார் பரிமாறியவர். ஐயா, கொஞ்ச நேரம் இது வெளியே நிற்கட்டும், குளிர் இறங்கிய பிறகு குடிக்கிறோம் என்றேன். என்னை ஒருதரம் பார்த்தார், உள்ளே போனார். ஐந்து நிமிடத்தில் ஒரு சூப் கோப்பையில் இளஞ்சூட்டு நீரோடு வந்து, போத்தலை அதற்குள் நிறுத்தி, துணியைக் கழுத்தில் சுற்றிவிட்டு, "எங்க தாத்தா இங்கதான் வேல பாத்தாரு. அந்தக் காலத்து துரைமாரும் சில்லுனு குடிக்க மாட்டாங்களாம்" என்றார். நான் எந்த ஹோட்டலிலும் இப்படி ஒரு கவனிப்பைக் கண்டதில்லை.

அந்த ஸ்டவுட்டைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 8.8% மதுசாரம் என்று லேபிள் சொல்கிறது. ஊற்றும்போது நல்லெண்ணெய்போல இறங்குகிறது, நுரை கோப்பி நிறம். பிரிட்ஜிலிருந்து எடுத்தபடியே குடித்தால் கசப்பும் இனிப்பும்தான் தெரியும். குளிர் இறங்க இறங்க முதலில் வறுத்த கோப்பி, பிறகு பனங்கட்டி, கடைசியில் உலர்ந்த முந்திரிகை. ஜமேக்காவின் டிராகன் ஸ்டவுட்டும் இதே குடும்பம்; சூட்டு நாடுகளுக்கே உரிய, இனிப்பும் வலுவும் கூடிய ஸ்டவுட். லீட்ஸில் இதை அதிசயம்போலத் தேடி வாங்குவார்கள். இங்கே "அது உடம்பு தேற வயசானவங்க குடிக்கிறதும்மா" என்று மகளிடம் சொன்னாராம் பக்கத்து மேசைக்காரர். ஒரே குறை, இரண்டாவது போத்தல் திகட்டும்.

ஹோட்டல் விலை கட்டாது என்று மறுநாள் வைன் ஸ்டோர்ஸ் என்ற மதுக்கடைக்கு மகளை அனுப்பினேன். இரும்புக் கம்பிக்குள் இருந்த ஆள் காசை வாங்கவில்லை. "அப்பாவ வரச் சொல்லுங்கம்மா." பெண்களுக்கு மது விற்கக்கூடாது என்று 1979இல் ஒரு விதி போட்டிருக்கிறார்கள். 2018 தையில் நிதியமைச்சர் அதை நீக்க, சில நாளிலேயே ஜனாதிபதி திரும்பப் போட வைத்தார். பல இடங்களில் கண்டுகொள்வதில்லையாம். இந்த மனிதர் கண்டுகொண்டார். சட்டப்படி அவர் சரி. என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை, போய் வாங்கிக்கொண்டு வந்தேன். மகள் அன்று இரவு வரை என்னோடு சரியாகப் பேசவில்லை, ஏதோ நான்தான் அந்த விதியைப் போட்டதுபோல.

அப்புறம் யாழ்ப்பாணம். மச்சான் என்னை வரவேற்கத் தயாராக வைத்திருந்தது ஒரு ஸ்கொட்ச் போத்தல். எனக்குக் கள்ளு வேணும் என்றதும் முகம் சுருங்கிவிட்டது. "உது என்ன பழக்கம்? சனம் என்ன சொல்லும்?" விஸ்கிக்கு மரியாதை, கள்ளுக்கு வெட்கம். குடிவகை அல்ல இங்கே காரணம், மரம் ஏறுகிறவரின் சாதி. இது மச்சானுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருவரும் பேசாமல் மோட்டார் சைக்கிளை எடுத்தோம். மகள் ஓட்டோவில் பின்னால் வந்தாள்.

கூட்டுறவுச் சங்கத் தவறணை, கள்ளுக்கடை. கிடுகு வேலி, சீமெந்துத் தரை, நீல பிளாஸ்ரிக் ஜக்குகள். பனங்கள்ளுப் பருவம். பாளையின் நுனியைச் சீவி முட்டி கட்டினால் சொட்டுச் சொட்டாக வடியும். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் புளிக்காது, அது கருப்பநீர். பூசாவிட்டால் காற்றில் உள்ள ஈஸ்ட் புகுந்து மரத்திலேயே புளிக்கத் தொடங்கிவிடும், அதுதான் கள்ளு. பெல்ஜியத்தில் லாம்பிக் என்று ஒரு பியர், அதுவும் இப்படித்தான் காற்றை நம்பிப் புளிப்பது. அதன் ஒரு போத்தல் விலைக்கு இந்தத் தவறணையில் எல்லாருக்கும் ஊற்றலாம்.

மகள் உள்ளே வரத் தயங்கி வேலிக்கு வெளியே புளியமரத்தடியில் நின்றாள். கள்ளு ஊற்றுகிறவர் எட்டிப் பார்த்தார். "ஆர், உங்கட பிள்ளையோ அண்ணை?" என்றவர், ஜக்கை வைத்துவிட்டு ஒரு பனையோலையை எடுத்து மடக்கிப் பிளா, குடிக்கிற ஓலைக் கிண்ணம், செய்தார். பன்னாடையால் வடித்தும் ஒரு எறும்பு மிதந்தது. அதை விரலால் எடுத்துவிட்டு, தானே கொண்டுபோய் அவளிடம் நீட்டினார். "காலமை இறக்கினது பிள்ளை. பின்னேரம் எண்டால் புளிச்சுப்போம்."

முதலில் இனிப்பு, நாக்கில் மெல்லிய சுறுசுறுப்பு, பிறகு அப்ப மா பொங்கி நிற்கிற வாசம். அம்மா அப்பத்துக்குக் கள்ளு விட்டுத்தானே மா புளிக்க வைப்பார், அதுதான். கடைசியில் பச்சைப் புளிப்பு. "அப்பா, சைடர் மாதிரித் தொடங்கி லாம்பிக் மாதிரி முடியுது" என்றாள் மகள், வாய் துடைக்காமலே. கணவாய்ப் பொரியலோடு இன்னொரு பிளா. பின்னேரம் திரும்பப் போய்ப் பார்த்தோம். அதே கள்ளு கண் கூசும் புளிப்பு. போத்தலில் அடைத்து விற்பதையும் வாங்கிப் பார்த்தேன். கெட்டுப்போகாமல் இருக்கச் சூடாக்கியிருப்பார்கள். கள்ளின் நிறம் மட்டும் இருந்தது.

கொழும்பு திரும்புகிற காலமை, ஆசை விடவில்லை. தவறணையில் ஒரு பிளாஸ்ரிக் போத்தலில் நிரப்பி வாங்கினேன். "மூடியை இறுக்காதேங்கோ அண்ணை, வழியில காத்து விடோணும்" என்று அவர் இரண்டு தரம் சொன்னார். பீப்பா ஏலுக்கு இது பாலபாடம். எனக்கே சொல்கிறாரா என்று மனதுக்குள் சிரித்தேன். வானில் சிந்திவிடும் என்று பயந்து மகள் மூடியை இறுக்கினாளா, நான் இறுக்கினேனா என்பது இன்னும் தீராத வழக்கு. ஆனையிறவு தாண்டுமுன் பின் சீற்றில் வெடிச்சத்தம். சாரதி பிரேக் போட்டுக் குனிந்துவிட்டார், பாவம். கூரையிலிருந்து வடிந்தது.

கொழும்பில் வான் கழுவ மூவாயிரம் ரூபாய் கேட்டார். பேரம் பேசாமல் கொடுத்தேன்.