கத்தியா, இடுக்கியா என்பதல்ல கேள்வி: வாசெக்டமி முறைகள் ஓர் ஒப்பீடு

ஆண்களுக்கான கருத்தடை அறுவை சிகிச்சையான வாசெக்டமி பற்றி விசாரிக்கும் ஆண்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "கத்தி வைப்பார்களா?" என்பதைத்தான். கேட்பதில் தப்பில்லை, இடம் அப்படி. ஆனால் ஆய்வுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், கத்தி விஷயம் பெரும்பாலும் முதல் சில நாட்களின் வலியோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் கரு உண்டாகுமா உண்டாகாதா என்பதற்கு, உள்ளே விந்தணுவைக் கொண்டுபோகும் குழாயான விந்துநாளத்தை டாக்டர் எப்படி அடைக்கிறார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதைக் கேட்பவர் அபூர்வம்.

முதலில் உள்ளே போகும் வழி. பழைய முறையில் விதைப்பையில் ஒன்றோ இரண்டோ கீறல் போட்டு, நாளத்தை வெளியே எடுத்து, வேலை முடிந்ததும் தையல் போடுவார்கள். தழும்பில்லா வாசெக்டமி 1974இல் சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் லி ஷுன்ச்சியாங் என்ற டாக்டர் உருவாக்கியது. தோலுக்கு வெளியிலிருந்தே வளைய இடுக்கியால் நாளத்தைப் பிடித்துக்கொண்டு, கூர்முனை இடுக்கியால் தோலில் ஒரு துளை குத்தி, அதையே விரித்து வழி பண்ணுவார்கள். வெட்டாமல் விலக்குவதால் ரத்தக்குழாய்கள் ஒதுங்கிக்கொள்கின்றன. தையலும் பெரும்பாலும் வேண்டியதில்லை.

இரண்டையும் நேருக்கு நேர் பார்க்க ஒரு விசித்திரமான வாய்ப்பு 1987இல் கிடைத்தது. தாய்லாந்து மன்னரின் பிறந்தநாளையொட்டி பாங்காக்கில் ஒரே நாளில் 1,203 பேருக்கு வாசெக்டமி செய்தார்கள். தழும்பில்லா முறையில் செய்துகொண்ட 680 பேரில் 3 பேருக்குச் சிக்கல். பழைய முறையில் 523 பேரில் 16 பேருக்கு. வேகத்திலும் வித்தியாசம்: ஒரு டாக்டர் சராசரியாக அன்று செய்தது புது முறையில் 57, பழைய முறையில் 33. திருவிழாக் கூட்டத்தில் எடுத்த கணக்கு, சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வல்ல. ஆனால் பின்னால் முறையாகப் பிரித்துச் செய்த பெரிய ஆய்விலும் ரத்தக்கட்டு, தொற்று, வலி மூன்றும் தழும்பில்லா முறையில் குறைவாகவே இருந்தன. இந்தப் போட்டியில் யார் ஜெயித்தார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கருத்தடைப் பலனில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

இனி அடைப்பு. பரவலாகச் செய்யப்பட்டுவந்த எளிய முறை, நாளத்தில் ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்துவிட்டு இரு முனைகளையும் நூலால் கட்டுவது. கட்டினால் அடைந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். சிக்கல் அங்கேதான். கட்டு இறுகிய இடத்தில் ரத்த ஓட்டம் நின்று, திசு செத்து உதிரலாம். முனை திறந்துகொண்டு விந்தணு கசிந்தால் அந்த இடத்தில் ஒரு சிறு கட்டி உருவாகும். அந்தக் கட்டிக்குள்ளேயே நுண்ணிய பாதைகள் முளைத்து, இரு முனைகளையும் மறுபடி இணைத்துவிடக்கூடும். உடம்பு தன் காயத்தைத் தானே ஆற்றப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு ஒரு தடுப்பு, நாளத்தைச் சுற்றியுள்ள மெல்லிய உறையை இழுத்து ஒரு முனையின் மேல் போர்த்திவிடுவது. இரு முனைகளும் வேறு வேறு அறைகளில் இருப்பதுபோல் ஆகிவிடும். இதைச் சோதித்த பன்னாட்டு ஆய்வு 2004இல் வெளியானது. வெட்டிக் கட்டியது மட்டும் என்றால், விந்துப் பரிசோதனையின்படி 12.7 சதவீதம் தோல்வி. உறையும் போர்த்தினால் 5.9 சதவீதம். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால், ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இங்கே தோல்வி என்றால் விந்தில் அணுக்கள் நிறைய இருந்தன என்று பொருள். அத்தனை பேருக்கும் குழந்தை பிறந்தது என்றல்ல. இருந்தாலும் எட்டில் ஒருவர் என்பது சின்ன எண்ணிக்கையா?

மூன்றாவது முறை சூடு வைப்பது. நாளத்தின் உள்சுவரை மட்டும் சில மில்லிமீட்டர் நீளத்துக்குக் கருக்கினால், அங்கே வலுவான தழும்பு வளர்ந்து பாதையை மூடிவிடும். சூடு வைத்தவர்களின் முடிவுகளை, வெட்டிக் கட்டி உறை போர்த்தியவர்களின் முடிவுகளோடு ஒப்பிட்டபோது சூடு வைத்தவர்களில் தோல்வி 1 சதவீதம், மற்றவர்களில் 4.9 சதவீதம் என்று வந்தது. இதுவும் இரு தனி ஆய்வுகளின் எண்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததுதான். ஒரே ஆய்வில் பிரித்துச் செய்ததல்ல. அதையும் கழித்துக்கொண்டாலும் இடைவெளி பெரியது. அமெரிக்க சிறுநீரகவியல் சங்கத்தின் 2012 வழிகாட்டுதலும் உள்சுவரைச் சுடும் முறைகளுக்கே முன்னுரிமை தருகிறது. கட்டு, கிளிப் போடும் முறைகளை, அவற்றில் தொடர்ந்து நல்ல முடிவு காட்டும் பயிற்சி பெற்றவர்களுக்கு விட்டுவிடுகிறது. அதனால் டாக்டரிடம் கேட்க வேண்டியது, "நாளத்தைச் சுடுவீர்களா, உறை போர்த்துவீர்களா, வெறுமனே கட்டுவீர்களா?" என்பது. அவர் ஆச்சரியமாகப் பார்த்தாலும் பரவாயில்லை.

விந்தின் அளவு குறையும், ஆண்மை போகும் என்ற பயங்களை இங்கேயே ஓரங்கட்டிவிடலாம். விந்தில் அணுக்களின் பங்கு மிகக் கொஞ்சம். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் ரத்தத்தின் வழியே போவது, நாளத்தின் வழியே அல்ல. 1970களின் இறுதியில் குரங்குகளை வைத்துச் செய்த ஆய்வொன்று இதய நோய்ப் பீதியைக் கிளப்பியது; மனிதர்களிடம் செய்த பெரிய ஆய்வுகளில் அது எடுபடவில்லை. புரோஸ்டேட் புற்றுநோய் பற்றித்தான் இன்னும் இழுபறி. சில ஆய்வுகளில் சிறிய கூடுதல் தெரிகிறது, சிலவற்றில் ஒன்றுமே தெரியவில்லை. உண்மையில் யோசிக்க வேண்டிய பக்கவிளைவு விதைப்பையில் நீடிக்கும் வலி. அன்றாட வாழ்க்கையைப் பாதிக்கும் அளவுக்கு அது 1 முதல் 2 சதவீதம் பேருக்கு வருகிறது.

மனம் மாறினால்? நாளத்தை மறுபடி இணைக்கும் நுண் அறுவை சிகிச்சை உண்டு. 1991இல் வெளியான பெரிய அமெரிக்கத் தொகுப்பில், வாசெக்டமி செய்து 3 ஆண்டுக்குள் இணைத்தவர்களில் 76 சதவீத தம்பதியர் கருத்தரித்தார்கள். 15 ஆண்டு கடந்தவர்களில் 30 சதவீதம். வாசெக்டமிக்குப் போட்டியாகப் பேசப்படுவது ரிசுக். நாளத்தை வெட்டாமல் அதற்குள் ஒரு பாலிமரை ஊசியால் செலுத்துவது, கரக்பூர் ஐ.ஐ.டி.யின் சுஜோய் குஹா உருவாக்கியது. 303 பேரிடம் நடந்த மூன்றாம் கட்ட ஆய்வின் முடிவு 2023இல் வந்தது, 99 சதவீதம் கருத்தடைப் பலன். ஊசி போட்டே அதைக் கரைத்து எடுத்துவிடலாம் என்பதுதான் இதன் கவர்ச்சி. விலங்குகளில் நடந்திருக்கிறது, மனிதரில் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. திரும்பப் பெறும் எண்ணம் கொஞ்சமாவது இருப்பவர், என் கணக்கில், இரண்டையுமே இப்போது தேர்ந்தெடுக்காமல் இருப்பது மேல்.

எந்த முறையில் செய்தாலும் மிச்சமிருப்பது விந்துப் பரிசோதனை. வெட்டிய இடத்துக்கு அப்பால் ஏற்கெனவே தங்கியிருக்கும் அணுக்கள் வெளியேற வாரக்கணக்கில் ஆகும். இருபது தடவை விந்து வெளியேறியதும் தானாகச் சுத்தமாகிவிடும் என்ற பழைய எண்ணிக்கை விதியை நம்ப முடியாது. 8 முதல் 16 வாரத்துக்குள் மாதிரி கொடுக்க வேண்டும். அணுவே இல்லை, அல்லது ஒரு மில்லிக்கு ஒரு லட்சத்துக்கு மேற்படாத அசைவற்ற அணுக்கள் மட்டும் என்று வந்தால், அதன் பிறகு கரு உண்டாகும் வாய்ப்பு சுமார் 2,000இல் ஒன்று. அசையும் அணு தெரிந்தால் மறுபடி மாதிரி கொடுக்க வேண்டும். அதுவரை ஆணுறை.