மெய்ப் பகுப்பாய்வா, நுண் இயற்கணிதமா?

கணித இளங்கலையின் இவ்விரு பாடங்களில் எதை முதலில் ஊன்றிப் படிப்பது என்று உதகை மாணவர்கள் என்னிடம் கேட்பதுண்டு.

மேட்டுப்பாளையத்தில் ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்தில் புறப்படும் மலை ரயில், 2,200 மீட்டரில் உள்ள உதகையை அடைவதற்குள் 1,000 மீட்டர் உயரத்தை ஒருமுறையாவது கடந்தே தீரும். கண்ணுக்குத் தெரியும் இந்த உண்மையை மெய்யெண்களின் முழுமைப் பண்பிலிருந்து, அதாவது எண்கோட்டில் இடைவெளியே இல்லை என்பதிலிருந்து, நிறுவுவதுதான் மெய்ப் பகுப்பாய்வின் இடைமதிப்புத் தேற்றம். விகிதமுறு எண்களை மட்டும் வைத்துக்கொண்டால் அது பொய்த்துவிடும்: ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து 2-ஐக் கழிக்கும் சார்பு, 1-இல் குறையெண்ணாகவும் 2-இல் மிகையெண்ணாகவும் இருந்தும், இடையில் எங்குமே பூச்சியமாவதில்லை. இதை உணர்ந்த பிறகே, எல்லையையும் தொடர்ச்சியையும் துல்லியமாக வரையறுக்கும் எப்சிலான், டெல்டா எதற்கென்று விளங்கும். அதற்கு ஒரு பருவம் முழுவதும்கூடப் பிடிக்கலாம்.

நுண் இயற்கணிதம் அவ்வளவு காக்க வைப்பதில்லை. தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக இழைக்கும் பூவேலைப் பட்டை ஒன்றை, இருபுறமும் முடிவின்றி நீள்வதாகக் கொண்டு, எந்தெந்த நகர்த்தல்களும் பிரதிபலிப்புகளும் அதை மாற்றாமல் விடுகின்றன என்று பார்த்தால், குலம் (group) என்பது, அதாவது ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தாலும் திருப்பிச் செய்தாலும் அதே தொகுப்புக்குள் அடங்கும் மாற்றங்களின் தொகுப்பு, கையிலேயே கிடைத்துவிடும். இத்தகைய பட்டைகளின் சமச்சீர் வகைகள் 7 மட்டுமே. நிரூபணங்களும் சிறியவை.

நிரூபணம் எழுதிப் பழகாதவர்கள் இயற்கணிதத்தில் தொடங்கலாம் என்பதே என் கருத்து. நிகழ்தகவு, வகைக்கெழுச் சமன்பாடுகள் பக்கம் செல்ல விரும்புபவர்கள் மட்டும் பகுப்பாய்வைத் தள்ளிப்போட வேண்டாம்.