கொழுந்து லொறி ஓடும் ரோட்டுக்கு எந்த டயர்?

வெளிநாட்டு வீடியோக்களில் காட்டும் கிறவல் ரோடு வேறு, நம் தேயிலைத் தோட்டத்து ரோடு வேறு. அங்கே சீராகப் பரப்பிய சிறுகல், நீளமான நேர்பாதை, நல்ல வேகம். இங்கே எந்தக் காலத்திலோ அடுக்கிய கருங்கல், அதன்மேல் ஒரு தேர்தலுக்கு ஊற்றிய தார், அதுவும் பெயர்ந்து கொழுந்து லொறியின் சக்கரம் போகும் இரண்டு பக்கமும் பள்ளம், நடுவில் மாட்டு முதுகு மாதிரி மேடு. கல்லெல்லாம் கூர், மழைக்காலத்தில் பாசி வேறு. இதைக் கணக்கில் எடுக்காமல் பைக்குக்கு டயர் வாங்கினால் காசுதான் போகும். நான் போக்கியிருக்கிறேன்.

வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு இரண்டரை கிலோமீட்டர் கல் ரோடு, அங்கிருந்து நோர்வூட் தாண்டி ஹட்டன் வரை தார். ஞாயிற்றுக்கிழமை சுற்றலையும் சேர்த்துப் பார்த்தால் நூறு கிலோமீட்டர் ஓடினால் பதினைந்துகூடக் கல்லில் இல்லை. அப்படியிருந்தும் முதன்முதலில் வாங்கியது 50/50 பட்டன் டயர், ரப்பர் கட்டி கட்டியாகத் துருத்திக்கொண்டிருக்கும் வகை. காரணம் கேட்காதீர்கள், பார்க்க அழகாக இருந்தது. இந்த 50/50, 80/20 எல்லாம் யாரோ அளந்து கொடுத்த தரமும் இல்லை, தாரில் இத்தனை சதவீதம் மண்ணில் இத்தனை சதவீதம் என்று கம்பெனிக்காரர்கள் தங்கள் டயரைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொள்ளும் கணக்கு.

பட்டன் வகையில் கொன்டினென்டல் டிகேசி 80, மிஷெலின் அனக்கி வைல்ட், விலை குறைவாக வேண்டுமென்றால் ஷின்கோ 804, 805. பட்டன் உயரம், இடைவெளி அகலம். செம்மண் சேற்றில் இறங்கினால் சக்கரம் சுற்றச் சுற்றச் சேறு தெறித்து வெளியே போய்விடும், அடுத்த சுற்றுக்குப் பட்டன் மறுபடி கடிக்கும். இதற்கு ஈடு கிடையாது. ஆனால் தாருக்கு வந்ததும் அதே இடைவெளிதான் எதிரி, ரோட்டைத் தொடும் ரப்பர் குறைந்துவிடுகிறது, பிரேக் பிடிக்கும்போது உயரமான பட்டன் ஒரு பக்கம் சாய்கிறது, ஹேண்டிலில் அது மெல்லிய நெளிவாகத் தெரியும். பின் டயர் தேய்வதும் வேகம். ராம்பொடை வளைவுகளில் தூறலும் பனிமூட்டமுமாக இறங்கிக்கொண்டிருந்த ஒரு நாள், முன்னால் போன பஸ் நிற்க, நான் முன் பிரேக்கைப் பிடிக்க, பாதசாரிக் கடவையின் பெயின்டில் முன் சக்கரம் வழுக்கிக்கொண்டு போனது. விழவில்லை. ஆனால் அடுத்த தேத்தண்ணிக் கடையில் கிளாஸைப் பிடிக்கக் கை நடுங்கியது. என்ன டயர் என்று பெயர் சொல்லப்போவதில்லை, தப்பு டயரிலும் இல்லை, அந்த இறக்கத்துக்கு அதைப் போட்டுக்கொண்டு போனவனிடம்தான்.

அப்புறம் 80/20 வகை. சியட் கிரிப் எக்ஸ்எல், பிரெல்லி எம்டி 60, ஷின்கோ 705 எல்லாம் ஏறக்குறைய இந்தப் பக்கம். பட்டன் தாழ்வு, நெருக்கம். நனைந்த தாரில் சாய்த்தால் நம்பிக்கை வருகிறது, சத்தம் குறைவு, கல் ரோட்டிலும் மெதுவாகப் போனால் குறை சொல்ல ஒன்றுமில்லை. தோற்கும் ஒரே இடம் சேறு. மழைக்குப் பிறகு லயத்து வீடுகளுக்கு ஏறும் மண் பாதையில் இடைவெளியெல்லாம் களிமண் அடைத்து, ஐந்து நிமிடத்தில் மொட்டை டயர். அந்த நேரத்தில் திறமை எல்லாம் உதவாது, இறங்கித் தள்ள ஓர் ஆள் வேண்டும். ஆனால் சேற்றில் வழுக்கினால் பேன்ட் அழுக்காகும், ராம்பொடை இறக்கத்தில் வழுக்கினால் பஸ்ஸுக்கு அடியில். என் தீர்ப்பு அவ்வளவுதான்.

ஹைடெனாவ் கே60 ஸ்கவுட், மிட்டாஸ் இ-07 மாதிரி கடினமான ரப்பர் டயர்களையும் சிலர் தேடுகிறார்கள். நீண்ட நாள் உழைக்கும், கூர்க்கல்லைத் தாங்கும், ஹட்டனிலிருந்து யாழ்ப்பாணம் வரை சாமான் கட்டிக்கொண்டு போகிறவருக்கு நல்ல தேர்வு. ஆனால் கடின ரப்பருக்குக் குளிரும் ஈரமும் ஆகாது. நுவரெலியா 1,868 மீட்டர் உயரம், ஜனவரி விடியலில் டயர் சூடேறுவதற்குள் பாதி வழி முடிந்துவிடும்.

முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று போடலாமா? முன்னுக்கு டிகேசி 80, பின்னுக்கு கே60 என்பது வெளிநாடுகளில் பேர்போன ஜோடி. தளர்ந்த கல்லில் திருப்புவது முன் சக்கரம் என்பதால் அதற்குப் பட்டன், தேய்வது பின் சக்கரம் என்பதால் அதற்குக் கடின ரப்பர். நியாயம்தான், ஆனால் நமக்குப் பாதி வாழ்க்கை இறக்கம், இறக்கத்தில் பாரம் கூடுதலாக முன் சக்கரத்தில். பின் சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம், முன் சக்கரம் வழுக்கினால் நிலத்தில்தான். அதனால் நான் தலைகீழாகச் செய்கிறேன், முன்னுக்கு எப்போதும் 80/20, தென்மேற்குப் பருவம் தொடங்கும் மே முதல் செப்டெம்பர் வரை பின்னுக்கு மட்டும் பட்டன், ஏற்றத்தில் தள்ளிவிட. பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத்தவர்களுக்கு மழைக்கணக்கு வேறு, அங்கே டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவத்தையும் பார்க்க வேண்டும்.

எந்த டயரானாலும் காற்றைக் கவனியுங்கள். கல் ரோட்டில் கையேட்டில் சொன்னதைவிட மூன்று நான்கு பிஎஸ்ஐ குறைத்தாலே 80/20 டயர் வேறு டயராகிவிடும். அதற்கு மேல் குறைக்க வேண்டாம், ஹிமாலயன் 411, எக்ஸ்பல்ஸ் 200 பைக் இரண்டிலும் டியூப், கூர்க்கல்லில் இடித்தால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி இரண்டு ஓட்டை விழும். தாருக்கு ஏறியதும் மறக்காமல் திரும்ப அடியுங்கள்.

வாங்கும்போது பக்கச்சுவரில் டிஓடி (DOT) எழுத்துக்குப் பின்னால் வரும் நான்கு இலக்கத்தைப் பாருங்கள், 2322 என்றால் 2022ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. எனக்கு ஒரு கடையில் "புதுசு தம்பி" என்று எடுத்துக் கொடுத்ததில் 1417 இருந்தது. ரப்பர் இறுகிப் போய் நகம்கூடப் பதியவில்லை. (அவிசாவளைப் பக்கம் பால் வெட்டும் ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டேதான் வெளிநாட்டு டயரை மலைக்கு ஏற்றிக்கொண்டு வருகிறார்கள், அது தனிக் கவலை.)

அளவும் முக்கியம். முன்னுக்கு இரண்டு பைக்குக்கும் 90/90-21, அதனால் சிக்கலில்லை. பின்னுக்கு எக்ஸ்பல்ஸ் 120/80-18, ஹிமாலயன் 120/90-17, கடைசி எண் ரிம்மின் இன்ச் அளவு. மே மாதம் நெருங்குகிறது என்று போன வாரம் பட்டன் டயர் கேட்டுப் போனேன். என் ஹிமாலயனுக்கு 17 இல்லையாம், 18தான் இருக்கிறதாம், "ஒரு இன்ச்தானே, போட்டுப் பார்ப்போமா?" என்கிறார் கடைக்காரர்.